மணி அடித்தால் போதும் என்றிருந்தோம்

அலுவலகங்களில் ஐபி போன் மாட்டித் தருகிற எங்கள் கூட்டத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புது போனை மேசையில் வைப்போம். நெட்வொர்க் கேபிளைச் செருகி, எக்ஸ்டென்ஷன் நம்பரைப் போடுவோம். பக்கத்து மேசைக்கு ஒரு கால், வெளியே யாராவது ஒருவருடைய மொபைலுக்கு ஒரு கால். இரண்டு பக்கமும் குரல் கேட்டால் வேலை முடிந்தது. அட்மின் மேனேஜரிடம் இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். அந்தக் காகிதத்தில் மாடல், சீரியல் நம்பர், எண்ணிக்கை எல்லாம் இருக்கும். பாஸ்வேர்டு மாற்றியாயிற்றா, பேச்சுக்கு என்கிரிப்ஷன் போட்டாயிற்றா, ஐஎஸ்டி யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது என்று கேட்கிற கட்டம் ஒன்றுகூட இருக்காது. அந்தப் படிவத்தை அச்சடித்ததும் நாங்கள்தான்.

நாங்கள் என்றால் பெரிய கூட்டம். ஈபிஏபிஎக்ஸ் காலத்திலிருந்து வந்த டெலிபோன்காரர்கள், கம்ப்யூட்டர் நெட்வொர்க் பார்க்கிறவர்கள், ஏஎம்சி எடுத்தவரிடம் சம்பளத்துக்கு இருக்கிற ஃபீல்டு இன்ஜினியர்கள், விலையை மட்டும் பார்த்து பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போடுகிற ஐடி மேனேஜர்கள். ஓஎம்ஆர் கால்சென்டர், கோயம்புத்தூர் மில் ஆபீஸ், திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனி, நாலு டாக்டர்கள் உட்காருகிற கிளினிக் என்று எங்கே மேசைமேல் ஐபி போன் இருந்தாலும் அதை மாட்டியவர்கள் எங்களில் ஒருவர்தான். தப்பும் எல்லாருக்கும் பொதுவானது. யார் பங்கு எவ்வளவு என்று பிரிக்கத் தொடங்கினால், வழக்கம்போல ஒருவரை ஒருவர் கைகாட்டுவதில்தான் போய் முடியும்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. இணையவழி அழைப்பை இணைத்துத் தருகிற எஸ்ஐபி நெறிமுறையின் (மாதாமாதம் பணம் கட்டுகிற எஸ்ஐபி இல்லை, இது வேறு) இன்றைய வடிவம் 2002 ஜூனில் ஆர்எஃப்சி 3261 என்ற எண்ணோடு வெளிவந்தது. அழைப்பு விவரங்களை டிஎல்எஸ் மூலம் மறைத்து அனுப்புவது அந்த ஆவணத்திலேயே இருக்கிறது. குரலையே மறைத்து அனுப்புகிற எஸ்ஆர்டிபி 2004 மார்ச்சில் வந்தது. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி, 2005 ஜனவரியில் இணையவழித் தொலைபேசியின் பாதுகாப்புக்கென்றே தனி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. குரலுக்கும் டேட்டாவுக்கும் நெட்வொர்க்கைப் பிரித்து வையுங்கள், நுழைவாயிலில் ஆள் அடையாளத்தைக் கறாராகச் சோதியுங்கள், வெளியிலிருந்து நிர்வகிப்பதைக் கட்டுக்குள் வையுங்கள் என்று எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைத்திருந்தார்கள். இலவசமாகவே கிடைத்தது. எங்களில் எத்தனை பேர் படித்தோம் என்று கேட்டால் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

வசதி இல்லையென்றும் சொல்ல முடியாது. நடுத்தர விலை ஐபி போனின் வெப் பக்கத்தைத் திறந்தாலே செக்யூரிட்டி என்று ஒரு மெனு இருக்கும். டிஎல்எஸ், எஸ்ஆர்டிபி, 802.1எக்ஸ், சான்றிதழ் ஏற்றுகிற இடம், வெப் பக்கத்தையே அணைத்துவைக்கிற பொத்தான் எல்லாம் அதில் உண்டு. வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய வசதிகள் அவை. பெட்டியிலிருந்து எடுத்தபோது எது எது அணைந்திருந்ததோ, அது அப்படியே அணைந்திருந்தது. வருடக்கணக்கில்.

ஏன் என்று கேட்டால், முதல் காரணம், இந்தக் கருவி இரண்டு தொழில்களுக்கு நடுவில் விழுந்துவிட்டதுதான். டெலிபோன்காரர் குரோன் பெட்டியில் ஒயரைக் குத்தி, டயல் டோன் வருகிறதா என்று காதில் வைத்துப் பார்த்து வளர்ந்தவர். அவருக்கு ஐபி போன் என்பது வேறு ஒயரில் ஓடுகிற பழைய போன். ஃபயர்வால், பாஸ்வேர்டு எல்லாம் ‘ஐடி டீம் பார்த்துப்பாங்க’. நெட்வொர்க்காரருக்கோ அது கம்ப்யூட்டரே இல்லை, டெலிபோன். சர்வருக்கு பேட்ச் போடுவார், லேப்டாப்புக்கு ஆன்டிவைரஸ் போடுவார், மேசைமேல் இருக்கிற போனைத் தொடமாட்டார். ‘அது வெண்டர் வேலை சார்.’ அதற்குள்ளே ஒரு பிராசசர், மெமரி, பெரும்பாலும் லினக்ஸ், கூடவே எப்போதும் மின்சாரம் பெறுகிற ஒரு மைக்ரோஃபோன் இருக்கின்றன என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு பேருடைய சொத்துப் பட்டியலிலும் அது ஏறவில்லை. நிர்வாகத்தின் பட்டியலில் மட்டும், நாற்காலி, மின்விசிறிக்குப் பக்கத்தில் ஏறியிருக்கும்.

பேச்சு எவ்வளவு திறந்து கிடக்கிறது என்பதை எங்களைவிட நேரடியாகப் பார்த்தவர்கள் இல்லை. ஐபி போனுக்கு ஒரு பிரசித்தமான நோய் உண்டு, ஒன்-வே ஆடியோ. நாம் பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது நமக்குக் கேட்காது. கம்ப்ளெயின்ட் வந்ததும் இன்ஜினியர் போய் ஸ்விட்சில் ஒரு போர்ட்டை மிரர் செய்து, லேப்டாப்பில் வயர்ஷார்க்கை ஓடவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து நிறுத்திவிட்டு, டெலிபோனி மெனுவில் அழைப்புகளின் பட்டியலைத் திறப்பார். யார் யாரை எப்போது அழைத்தார், எவ்வளவு நேரம் பேசினார் என்பது வரிசையாக நிற்கும். ஒன்றைத் தேர்ந்து பிளே பொத்தானை அமுக்கினால் பேச்சு ஓடும். ஹேக்கிங் இல்லை, திருட்டு மென்பொருள் இல்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்கிற கருவி. ரிசப்ஷன் போனில் குறை பார்க்கப் போனவர் காதில் மேனேஜிங் டைரக்டரும் ஆடிட்டரும் பேசுவது விழும். நல்லவராக இருந்தால் நிறுத்திவிடுவார்.

குரல்கூடப் பரவாயில்லை. கணக்குப்பிரிவில் இருப்பவர் பேங்கின் போன் பேங்கிங்குக்கு அழைத்து, கஸ்டமர் ஐடியையும் ரகசிய எண்ணையும் பொத்தானில் அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஐபி போன்களில் அந்த எண்கள் ‘பீப்’ என்ற சத்தமாகப் போவதில்லை. தனித்தனி பாக்கெட்டுகளாக, 7 அழுத்தினால் 7, 3 அழுத்தினால் 3 என்று எண்ணாகவே போகின்றன. அதே வயர்ஷார்க் திரையில் அவற்றை வரிசையாக எழுதிக்கொள்ளலாம். காது கொடுத்துக் கேட்கிற சிரமம்கூட இல்லை.

வயர்ஷார்க் சேமிக்கிற இந்த கேப்சர் கோப்புகள் பிறகு எங்கே போகின்றன? வெண்டரின் சப்போர்ட்டுக்கு இமெயிலில் போகின்றன. இன்ஜினியரின் லேப்டாப்பில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தங்கிவிடுகின்றன. அவர் வேலை மாறினால் அவரோடு போகின்றன. குறை தீர்ந்ததும் கோப்பை அழித்தாயிற்றா என்று எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை, நாங்களாகவும் சொன்னதில்லை. இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என்கிரிப்ஷனை அணைத்தே வைத்திருந்ததற்கு எங்கள் சொந்த வசதியும் ஒரு காரணம். எஸ்ஆர்டிபி போட்டால் இப்படி உட்கார்ந்து கேட்டுக் குறை கண்டுபிடிக்க முடியாது. சான்றிதழ் காலாவதியானால் போன் ரெஜிஸ்டர் ஆகாது. வாடிக்கையாளர்கள் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அவர்களுடைய ரகசியத்தைவிட எங்கள் ராத்திரித் தூக்கம் பெரிதாகப் பட்டது.

எஸ்ஆர்டிபியைப் போட்டவர்களிலும் பாதிக் கிணறு தாண்டியவர்கள் உண்டு. டெண்டரில் என்கிரிப்ஷன் வேண்டும் என்றிருந்தால், குரலுக்கு எஸ்ஆர்டிபியை மட்டும் இயக்கிவிட்டு, அழைப்பை இணைக்கிற சமிக்ஞைக்கு டிஎல்எஸ் போடாமல் விட்டுவிடுவோம். பரவலாகப் புழங்குகிற முறையில் குரலைத் திறக்கிற சாவி அந்தச் சமிக்ஞைக்குள்ளேதான் பயணம் செய்கிறது. சமிக்ஞை வெட்டவெளியில் போனால், கதவைப் பூட்டிச் சாவியை அதே கொக்கியில் மாட்டிவைத்த கதைதான். திரையில் மட்டும் பூட்டுப் படம் தெரியும். அதைக் காட்டி பில்லும் பாஸ் ஆகிவிடும்.

பாஸ்வேர்டுக்கு வருவோம். ஒரு கம்பெனியின் போன்களுக்கு அட்மின் என்ற பெயர், அட்மின் என்ற பாஸ்வேர்டு. இன்னொரு கம்பெனியின் போன்களுக்கு 456. இவை எதுவும் ரகசியமில்லை, கையேட்டிலேயே அச்சிட்டிருக்கும். முதல் நாள் மாற்றுவதற்கென்று கொடுக்கப்பட்டவை. 50 போனுக்கும் மாற்றி, எழுதி, வாடிக்கையாளரிடம் ஒப்படைத்து, அவர் தொலைத்துவிட்டுத் திரும்பக் கேட்டு... வேண்டாம், இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். மாற்றியவர்களும் போகிற இடமெல்லாம் ஒரே பாஸ்வேர்டைத்தான் வைத்தார்கள், பெரும்பாலும் தங்கள் கம்பெனி பெயரையும் ஒரு 123ஐயும் சேர்த்து. எக்ஸ்டென்ஷனின் பாஸ்வேர்டு இன்னும் மோசம். 101க்கு 101, 102க்கு 102.

அந்த எக்ஸ்டென்ஷன் பாஸ்வேர்டு போனுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். போன் ஆன் ஆனதும், ஐபி முகவரியோடு கூடவே, தன் செட்டிங் எந்த சர்வரில் இருக்கிறது என்ற தகவலையும் வாங்கிக்கொள்ளும். அந்த சர்வரிடம் போய்த் தன் மேக் முகவரியின் பெயரில் உள்ள கோப்பைக் கேட்கும். பல இடங்களில் அது டிஎஃப்டிபி சர்வர். அதற்கு ஆள் அடையாளம் என்ற வழக்கமே கிடையாது, கேட்டவருக்குக் கொடுக்கும். மேக் முகவரி போனின் முதுகில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். அதன் முன்பாதி தயாரித்த கம்பெனியைக் குறிப்பது, ஒரே பெட்டியில் வந்த போன்களின் பின்பாதி பெரும்பாலும் வரிசையாக ஓடும். ஆக, ஒரு போனைப் புரட்டிப் பார்த்தவருக்கு மற்ற போன்களின் கோப்புப் பெயர்களை ஊகிப்பது பெரிய காரியமில்லை. கோப்பைத் திறந்தால் எக்ஸ்டென்ஷன் எண், பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் வெறும் எழுத்தில் இருக்கும். இதை எச்டிடிபிஎஸ் வழியாகத் தரலாம், கோப்பையே குறியாக்கம் செய்யலாம், போனிலேயே தொழிற்சாலையில் பதித்து அனுப்பிய சான்றிதழைக் கேட்டு வாங்கிய பிறகே கொடுக்கலாம். எல்லா வழியும் இருந்தது.

புரட்டிப் பார்க்கத் தோதான போன் ரிசப்ஷனில் இருக்கிறது. வருகிறவர்கள் உட்காருகிற சோபாவுக்குப் பக்கத்தில், ஆள் இல்லாத மேசையில். அதன் முதுகில் இரண்டு ஓட்டைகள், ஒன்று சுவரிலிருந்து வருகிற கேபிளுக்கு, இன்னொன்று கம்ப்யூட்டருக்கு. அந்தக் கேபிளைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகினால் அலுவலகத்தின் குரல் நெட்வொர்க்கில் உட்கார்ந்தாயிற்று. 802.1எக்ஸ் இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. ஸ்விட்ச் அந்தக் கருவியின் அடையாளத்தைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும். குறைந்தபட்சம் பயன்படாத அந்த இரண்டாவது ஓட்டையையாவது மூடிவைத்திருக்கலாம். அதற்கு ஒரே ஒரு டிக் போதும்.

இதெல்லாம் யாராவது அலுவலகத்துக்குள் வந்தால்தானே என்று கேட்கலாம். வர வேண்டியதில்லை. ஒன்-வே ஆடியோ நோய்க்கு நாங்கள் கண்டுபிடித்த கைமருந்து, ஃபயர்வாலில் 5060ஆம் போர்ட்டையும் குரலுக்கான 10000 முதல் 20000 வரையிலான போர்ட்டுகளையும் உலகம் முழுவதற்கும் திறந்துவிடுவது. எங்கிருந்து வரலாம் என்று கேட்கிற இடத்தில் ‘எனி’ என்று போட்டுவிடுவோம். உடனே குரல் கேட்கும், வாடிக்கையாளர் காப்பி வாங்கிக் கொடுப்பார். திறந்த போர்ட்டைத் தேடி இணையத்தில் ஓயாமல் அலைகிற தானியங்கி நிரல்கள் அன்றைக்கே வந்து தட்டத் தொடங்கும். எஸ்ஐபிவிஷஸ் என்ற கருவி நியாயமான சோதனைக்காக எழுதப்பட்டது, அதைத் திருடர்களும் எடுத்துக்கொண்டார்கள். அது தன்னை ‘ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்’ என்றே அறிமுகம் செய்துகொண்டு வரும். அலுவலக எக்ஸ்சேஞ்சான பிபிஎக்ஸின் லாகைத் திறந்தால் அந்தப் பெயர் பக்கம் பக்கமாக இருக்கும். லாகைத் திறந்தால்தானே? 100 இருக்கிறதா, 101 இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டு, இருக்கிற எக்ஸ்டென்ஷனைக் கண்டுபிடித்து, அதன் பாஸ்வேர்டை ஊகித்துவிடும். 101க்கு 101 என்று வைத்தால் ஊகிக்க என்ன இருக்கிறது?

பிறகு நடப்பது திருட்டு என்றே பல முதலாளிகளுக்குப் புரிவதில்லை. எங்கேயோ ஒரு தீவு நாட்டில், அழைப்பு வர வரக் காசு சேர்கிற எண்ணைத் திருடன் முன்கூட்டியே வாடகைக்கு எடுத்துவைத்திருப்பான். உங்கள் அலுவலகத்தின் எக்ஸ்டென்ஷனிலிருந்து அந்த எண்ணுக்கு ஒரே நேரத்தில் பல அழைப்புகள் போகும். யாரும் யாரோடும் பேசுவதில்லை, மீட்டர் மட்டும் ஓடும். அழைப்புக்கு உங்கள் டெலிகாம் கம்பெனி வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பணம் தரும், அதில் ஒரு பங்கு அவனுக்கு. டெலிகாம் கம்பெனி அந்தப் பணத்தை உங்களிடம் கேட்கும். உங்கள் எக்ஸ்சேஞ்சிலிருந்து, சரியான பாஸ்வேர்டோடு போன அழைப்புதானே? இதற்குத் திருடர்கள் தேர்ந்தெடுக்கிற நேரம் வெள்ளிக்கிழமை ராத்திரி. நம் ஊரில் தீபாவளி, பொங்கல் விடுமுறை. ஆபீஸ் பூட்டியிருக்கும், திரும்பி வந்தால் பில் காத்திருக்கும்.

2006இல் அமெரிக்காவில் எட்வின் பென்யா என்பவர் கைதானார். மற்ற நிறுவனங்களின் இணைப்புகள் வழியாக அழைப்பு நிமிடங்களைத் திருடி மொத்த விலைக்கு விற்றதாக வழக்கு. ஜாமீனில் வந்து நாட்டைவிட்டு ஓடி, 2009இல் மெக்சிகோவில் பிடிபட்டு, 2010இல் 10 ஆண்டு தண்டனை பெற்றார். அவருக்காக நெட்வொர்க்குகளை உடைத்துத் தந்த ராபர்ட் மூர் 2007இல் சிறைக்குப் போகும் முன் பத்திரிகைக்கு அளித்த பேட்டியில், தனக்குப் பெரிதும் உதவியது மாற்றப்படாத தொழிற்சாலை பாஸ்வேர்டுகள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அது வந்து இத்தனை வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் நாங்கள் அதே பாஸ்வேர்டோடுதான் மாட்டினோம்.

எங்கள் முன்னோர்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பழைய கறுப்பு டயல் போனின் ஓட்டையில் சின்னதாக ஒரு பூட்டுத் தொங்கும், பார்த்திருப்பீர்கள். எஸ்டிடி வந்ததும் கோடு போட்ட ஒரு நோட்டு, ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் மேசை இழுப்பறையில் ஒரு சாவி. பில்லுக்குப் பயந்து அவர்கள் செய்த ஏற்பாடு அது. புதிய எக்ஸ்சேஞ்சில் அதைவிட நுணுக்கமான பூட்டுகள் இருக்கின்றன. ஐஎஸ்டியை முழுக்க மூடலாம், வணிகம் இருக்கிற நாலு நாடுகளுக்கு மட்டும் திறக்கலாம், ராத்திரியில் அடைக்கலாம், ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு நேரத்தில் இத்தனை அழைப்புதான் என்று வரம்பு வைக்கலாம், ஒரு நாள் செலவு இவ்வளவைத் தாண்டினால் தானாக நின்றுவிடும்படி டெலிகாம் கம்பெனியிடமே எழுதிக்கொடுக்கலாம். இவற்றில் எதற்கும் கூடுதல் காசு பெரிதாக ஆகாது. நாங்கள் பூட்டையே கழற்றிவிட்டோம்.

எங்களுக்குக் கறாராக இருக்கத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். கால்சென்டர்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இணையவழிக் குரலும் சாதாரண டெலிபோன் லைனும் கலக்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை விதி வைத்திருந்தது. நீண்டதூர அழைப்பின் வருமானம் குறுக்குவழியில் கசிந்துவிடக் கூடாது என்பதுதான் அதன் பின்னால் இருந்த கவலை. கால்சென்டர் போன்ற நிறுவனங்களுக்கான ஓஎஸ்பி பதிவு, சில ஏற்பாடுகளுக்கு வங்கி உத்தரவாதம், அதிகாரிகளின் ஆய்வு. நாங்கள் என்ன செய்தோம்? பிசிறில்லாமல் பிரித்துக் காட்டினோம். எந்த லைனிலிருந்து எந்த லைனுக்கு அழைப்பை மாற்றலாம், எதை கான்ஃபரன்ஸில் சேர்க்கக் கூடாது என்று எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே சுவர் எழுப்பி, வரைபடம் போட்டு, கையெழுத்தோடு கோப்பில் வைத்தோம். 2020 நவம்பரில் பதிவும் வங்கி உத்தரவாதமும் நீக்கப்பட்டன, 2021 ஜூனில் விதிகள் இன்னும் தளர்ந்தன. ஆய்வுக்கு வருகிறவர் இல்லை என்றானதும் எங்கள் வரைபடங்களும் பழசாகின. அரசாங்கத்தின் வருமானத்துக்காகச் சுவர் எழுப்பத் தெரிந்த எங்களுக்கு, வாடிக்கையாளரின் ரகசியத்துக்காக அதே வேலையைச் செய்யத் தோன்றவில்லை. கேட்க ஆள் இருந்ததைச் செய்தோம், கேட்க ஆள் இல்லாததை விட்டுவிட்டோம். மொத்தக் கதையும் இந்த ஒரு வரிதான் என்று இப்போது தோன்றுகிறது.

போனுக்குள் ஓடுகிற நிரலான ஃபெர்ம்வேர் விஷயத்தில் நாங்கள் சொல்கிற சாக்கு: ஓடுகிற போனைத் தொடக் கூடாது. 2012 டிசம்பரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆங் குய், சிஸ்கோவின் 7900 வரிசை போன்களை, ரிசீவரை எடுக்காமலே அறையில் பேசுவதை ஒட்டுக்கேட்கிற கருவியாக மாற்றிக் காட்டினார். 2019 ஆகஸ்டில் மெக்காஃபி ஆராய்ச்சியாளர்கள் அவாயாவின் 9600 வரிசை மேசை போனில் ஒரு ஓட்டையைக் கண்டார்கள். அது புதிய ஓட்டையே இல்லை. அந்த போன் உள்ளே பயன்படுத்திய திறமூல நிரலில் 2009லேயே கண்டுபிடித்துச் சரிசெய்யப்பட்டது. பத்து வருடம் கழித்தும் போனுக்குள் பழைய நிரலே ஓடிக்கொண்டிருந்தது. தயாரித்தவர்களின் தப்பு அது, சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் திருத்தம் வெளியிட்ட பிறகு, எங்கள் பொறுப்பில் இருக்கிற போன்களில் எத்தனையில் அதை ஏற்றினோம்? ஏஎம்சி ஒப்பந்தத்தில் வருடத்துக்கு நாலு முறை வந்து தூசி துடைப்பது எழுதியிருக்கும். ஃபெர்ம்வேர் என்ற சொல்லே இருக்காது.

எக்ஸ்சேஞ்ச் பக்கமும் அப்படித்தான். ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, பில்லில் நல்ல தொகை போட்டு விற்றவர்கள் நாங்கள். 2020 நவம்பரில் செக் பாயின்ட் நிறுவனம், அந்த மென்பொருளின் ஒரு ஓட்டை வழியாக ஒரே வருடத்தில் சுமார் 1,200 நிறுவனங்கள் தாக்கப்பட்டதாக அறிவித்தது. 2025 ஆகஸ்டில் இன்னொரு ஓட்டை, நிர்வாகப் பக்கத்தை இணையத்தில் திறந்து வைத்திருந்தவர்களைக் குறிவைத்து. நிர்வாகப் பக்கம் இணையத்தில் ஏன் திறந்திருந்தது? வீட்டிலிருந்தே சரிசெய்யலாம் என்று நாங்கள் திறந்துவைத்ததுதான். விபிஎன் போட்டு உள்ளே போவதற்குச் சோம்பல்.

பதிவான அழைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை, சொன்னால் பயந்துவிடுவீர்கள். அதே எக்ஸ்சேஞ்சில் ஒரு ஃபோல்டரில், தேதியும் எண்ணும் பெயராக இருக்கிற ஆடியோ கோப்புகளாகக் குவிந்திருக்கும். நோயாளி டாக்டரிடம் சொன்னது, வாடிக்கையாளர் சொன்ன ஆதார் எண், எல்லாம். எத்தனை நாள் வைப்பது, யார் கேட்கலாம், எப்போது அழிப்பது என்று யாரும் முடிவு செய்ததில்லை. டிஸ்க் நிரம்பி எக்ஸ்சேஞ்ச் நிற்கிறவரை அங்கேயே இருக்கும். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. கணினிப் பாதுகாப்புக்கான இந்திய அரசு அமைப்பான சிஇஆர்டி-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவின்படி, ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். நாங்கள் மாட்டிய போன்களின் திரையில் நேரம் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். சில போன்கள் இன்னும் 1970 ஜனவரியில் இருக்கின்றன. கடிகாரம் தப்பாக இருக்கிற போனால் சான்றிதழ் செல்லுமா செல்லாதா என்று பார்க்க முடியாது. அதனால்தான் டிஎல்எஸ் போட்டால் வேலை செய்யவில்லை என்று சொல்லி நாங்கள் அணைத்துவைத்ததும்.

நியாயமான தடைகளும் இருந்தன, அதை மறைக்கத் தேவையில்லை. டெலிகாம் கம்பெனியோடு பேசுகிற டிரங்க் பல இடங்களில் என்கிரிப்ஷன் இல்லாமல்தான் கிடைக்கிறது, அதை நாங்கள் தனியாக மாற்ற முடியாது. பழைய போன்களுக்கு டிஎல்எஸ்ஸின் பழைய பதிப்புகள்தான் தெரியும், 1.0, 1.1 இரண்டுமே 2021இல் கைவிடப்பட்டுவிட்டன. மிரர் போர்ட்டில் உட்கார்ந்து பதிவு செய்கிற ரெக்கார்டர்கள் எஸ்ஆர்டிபி போட்டால் செவிடாகிவிடும். எல்லாம் உண்மை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட 101க்கு 101 என்று பாஸ்வேர்டு வைக்கச் சொல்லவில்லை. பெரிய வேலையின் கஷ்டத்தைக் காட்டிச் சின்ன வேலைகளையும் செய்யாமல் விட்டதுதான் நடந்தது.

ஆகவே இதைப் படிக்கிற முதலாளிகளுக்கும் மேனேஜர்களுக்கும் கணக்குப்பிரிவினருக்கும் ஒரு வேண்டுகோள். எங்களைக் கேளுங்கள். எந்த எக்ஸ்டென்ஷனுக்கு ஐஎஸ்டி திறந்திருக்கிறது என்று பட்டியல் கேளுங்கள். போன்களின் அட்மின் பாஸ்வேர்டை மூடிய உறையில் வாங்கி உங்கள் பீரோவில் வையுங்கள், தொழிற்சாலை பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்கிறதா என்று உங்கள் கண் முன்னால் ஒரு போனில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்சேஞ்சின் நிர்வாகப் பக்கம் உங்கள் மொபைல் டேட்டாவில் திறக்கிறதா என்று நீங்களே பாருங்கள், திறந்தால் அன்றைக்கே மூடச் சொல்லுங்கள். அடுத்த ஏஎம்சி புதுப்பிக்கும்போது ஃபெர்ம்வேர், லாக், பதிவுகளை அழிக்கிற நாள் மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘அதெல்லாம் சேஃப்தான் சார்’ என்று நாங்கள் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறாய் என்று திருப்பிக் கேளுங்கள்.